தினம் ஒரு பக்கம்: கிறிஸ்தவ தியான நூல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு சபையில், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் புத்தக மேசை போடுவது என் பொறுப்பு. வாங்குகிறவர்களைவிடச் சந்தேகம் கேட்கிறவர்கள்தான் அதிகம். கேள்விகளும் வாராவாரம் ஏறக்குறைய அதேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். லுத்தரன், சி.எஸ்.ஐ., கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்று எல்லாரும் மேசைக்கு வருவார்கள். சபைக்குச் சபை விஷயம் மாறும் இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

தியானப் புத்தகம்னா என்னங்க? பைபிள் இருக்கும்போது அது எதுக்கு?

ஒரு வசனம், அதைப் பற்றி ஒரு பக்கம், கடைசியில் ஒரு சின்ன ஜெபம். பெரும்பாலான தியான நூல்களின் அமைப்பு இவ்வளவுதான். விளக்கவுரை நூல் வசனத்தின் பொருளைச் சொல்லும். தியான நூல் அந்தப் பொருளை வைத்துக்கொண்டு "சரி, உன் வீட்டில் இது என்ன ஆயிற்று?" என்று கேட்கும். பைபிளின் இடத்தை அது பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது.

நம் பக்கத்துக்கு இது புதிய பழக்கமும் இல்லை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க், ஜெர்மனியின் ஹாலே நகரில் படித்தவர். அங்கே பரவியிருந்த பக்தி இயக்கம், சாதாரண விசுவாசியும் தன் வீட்டில் உட்கார்ந்து வேதத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. அதனால்தான் அவர் வந்த வேகத்தில் தமிழ் கற்று, அச்சகம் வரவழைத்து, 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். தேதிவாரியாக ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் என்ற ஏற்பாட்டை 1731 முதல் ஆண்டுதோறும் புத்தகமாகவே அச்சிட்டு வருகிறவர்கள் மொரேவியன் சபையார். அவர்களும் 1760-ல் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறினார்கள்.

முதல்ல பைபிளா, புத்தகமா?

பைபிள். புத்தகத்தில் தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு வசனம்தான் அச்சாகியிருக்கும். அது எந்த அதிகாரத்தில் இருக்கிறதோ அந்த அதிகாரத்தை, முடியாவிட்டால் முன்னும் பின்னும் பத்து வசனத்தையாவது, பைபிளைத் திறந்து வாசித்துவிட்டு அதற்கப்புறம் புத்தகத்துக்கு வாருங்கள்.

இன்றைக்கு ஐந்து நிமிஷம்தான் இருக்கிறதா? விளக்கத்தை விட்டுவிடுங்கள், வேதப் பகுதியை விடாதீர்கள். சில மாதம் ஒரு புத்தகத்தை வாசித்தும் பைபிள் அலமாரியை விட்டு இறங்கவே இல்லை என்றால் புத்தகத்தை மாற்றுவது நல்லது.

அதிகாலையிலதான் தியானம் பண்ணணும்கிறாங்க. நாலரைக்கு எழுந்தா மாடு, அடுப்பு, புள்ளைங்களுக்கு ஸ்கூல் வேன். எனக்கு எப்பங்க நேரம்?

அதிகாலைக்கு ஆதாரம் இருக்கிறது. இயேசு இருட்டோடே எழுந்து தனியிடம் போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்கிறது. அதே வேதத்தில் ஆதியாகமம் 24:63-ஐயும் பாருங்கள். ஈசாக்கு தியானம் பண்ண வெளியே போனது சாயங்கால வேளையில். முதல் சங்கீதம் "இரவும் பகலும்" என்கிறது. ஆகவே நாலரை மணிக்கு முடியாதவர் இரண்டாம் தர விசுவாசி இல்லை. மேடையில் இதைச் சொல்கிறவர்கள் பலருக்குப் பால் கறக்கிற வேலை கிடையாது.

நடைமுறையில் பலிப்பது, கடிகார நேரத்தைவிட ஒரு வேலையோடு சேர்த்து முடிச்சுப் போடுவது. பாலை சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்ததும், பிள்ளைகளை வேன் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தியதும், இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் என்று ஏதாவது ஒன்று. நடவு, அறுப்பு நாட்களில் அந்த முடிச்சு அவிழும். அப்போது இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு படிக்கணும்?

தியான நூலில் ஒரு பக்கம் போதும். நன்றாக இருக்கிறதே என்று நாளைக்கு உரியதையும் சேர்த்துப் படிக்காதீர்கள். படிக்க மூன்று நிமிஷம், சும்மா உட்கார ஏழு நிமிஷம் என்பது நான் பரிந்துரைக்கும் கணக்கு. அந்த ஏழு நிமிஷத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

நிறையப் படிக்க ஆசை உள்ளவர்கள் அந்த ஆசையைப் பைபிளில் தீர்த்துக்கொள்ளலாம். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து வாசித்தால் 52 வாரத்தில் சரியாக முடியும். நீதிமொழிகள் 31 அதிகாரம், தேதிக்கு ஒன்று. சங்கீதம் நாளுக்கு ஐந்து என்றால் ஒரு மாதம்.

படிக்கிறப்ப நல்லா இருக்கு. கொல்லைக்குப் போறதுக்குள்ள மறந்துடுது. என்ன செய்றது?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். அதனால் ஒரு பகுதியை எடுத்துச் செய்தே காட்டுகிறேன். சங்கீதம் 126, ஐந்தாம் ஆறாம் வசனங்கள்: "கண்ணீரோடே விதைக்கிறவர்கள் கெம்பீரத்தோடே அறுப்பார்கள்." அடுத்த வசனத்தில் விதையைச் சுமக்கிறவன் அழுதுகொண்டே போகிறான்.

முதலில், இது யாருடைய வாயிலிருந்து வருகிறது? சங்கீதத்தின் முதல் வரியே சிறையிருப்பு திரும்பியதைப் பேசுகிறது. ஊர் திரும்பிவிட்டார்கள், ஆனால் நிலைமை இன்னும் சரியாகவில்லை, அதனால் நாலாம் வசனத்தில் மறுபடியும் வேண்டுகிறார்கள். இரண்டாவது, எது உறுத்துகிறது? விதைக்கிறவன் ஏன் அழ வேண்டும்? அறுவடை பொய்த்தால் அழலாம், விதைக்கும்போது என்ன அழுகை? மேட்டூரில் தண்ணீர் இல்லாத வருஷங்களைக் கண்ட நம் கடைமடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கையில் இருப்பது விதைநெல். வீட்டில் அரிசி இல்லை. அதைக் குத்திப் பொங்கினால் இன்றைக்குப் பிள்ளைகள் சாப்பிடும். வாய்க்காலில் தண்ணீர் வருமா என்று தெரியாமலே அதைச் சேற்றில் எறிய வேண்டும். அந்தக் கைக்கு அழுகை வரத்தான் செய்யும். மூன்றாவது, இன்றைக்கு எனக்கு இதில் என்ன? பிடித்துவைத்துக்கொண்டு விட மனமில்லாத விதை என்னிடம் எது?

இந்த மூன்றாவது கேள்விக்கான பதிலை ஒரே வரியில் நோட்டில் எழுதுங்கள். சீர்காழிப் பக்கத்து விவசாயி ஒருவர் எழுதியதை அவர் சம்மதத்தோடு சொல்கிறேன்: "மகள் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்டணும். பயமா இருக்கு. கட்டுறேன்." அவ்வளவுதான். இரண்டு பக்கம் அழகாக எழுதினால் எழுத்து ஞாபகம் இருக்கும், வசனம் போய்விடும். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது அந்த ஒரு வரியை மனதில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். இரவு படுக்குமுன் நோட்டைத் திறந்து பாருங்கள். மறதி பாதிக்கு மேல் குறையும்.

எந்தப் புத்தகத்துல ஆரம்பிக்கலாம்?

தேதி போட்ட, தமிழிலேயே யோசித்து எழுதப்பட்ட, மெல்லிய புத்தகம் ஒன்றில். எடுத்த எடுப்பில் பெரிய நூல்களுக்குப் போக வேண்டாம். மேசையில் நின்றபடியே நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டாமல் படிக்க முடிந்தால் வாங்கலாம். அட்டைப் படத்தைப் பார்த்து வாங்குகிற வழக்கத்தை ஒழிக்க நானும் எவ்வளவோ பாடுபடுகிறேன்.

ஒரு வருஷம் பழகினபிறகு பழைய நூல்களுக்குப் போகலாம். அடுப்படியிலேயே பொழுது போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது சகோதரர் லாரன்ஸ். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மேல் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்தவர்; சட்டி பானைக்கு நடுவிலும் கடவுளின் முன்னிலையில் இருக்கப் பழகியதைச் சொல்கிறார். கதையாக வேண்டும் என்றால் ஜான் பன்யனின் மோட்சப் பிரயாணம். 1678-ல் வெளியான இந்த நூலைத் தழுவித்தான் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தைப் பாடினார். செய்யுள் பழக்கம் உள்ளவர்கள் அதை விடக் கூடாது.

ஆஸ்வால்ட் சேம்பர்ஸின் தினத் தியானத்தை யாராவது பரிசளித்து, பாதியில் நிறுத்தியவர்கள் நிறையப் பேர். அவர் அதை நாள்வாரியாக உட்கார்ந்து எழுதவில்லை. 1917-ல் அவர் எகிப்தில் இறந்தபின், அவருடைய மனைவி தாம் சுருக்கெழுத்தில் எடுத்துவைத்திருந்த உரைகளிலிருந்து தொகுத்து 1927-ல் வெளியிட்டார். உரையின் நடுவிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள் என்பதால் சில பக்கங்கள் திடுக்கென்று தொடங்கித் திடுக்கென்று நிற்கும். குறை உங்களிடம் இல்லை.

ஆரம்பிக்க நல்ல நாள் எது? ஜனவரி ஒண்ணா?

எந்த நாளும். ஆனால் டெல்டாவில் ஜனவரி சம்பா அறுப்பு. மிஷினுக்கு அலைவது, கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்துக் கிடப்பது என்று போய்விடும். ஜனவரி ஒன்றில் தொடங்கிப் பொங்கலுக்குள் நின்றுபோவது வருஷா வருஷம் நடக்கிற கதை. விவசாய வீடுகளுக்கு நான் சொல்வது சாம்பல் புதன், அதாவது ஈஸ்டருக்கு முந்தின லெந்து என்ற தவக்காலம் தொடங்கும் நாள். அப்போது பெரும்பாலும் நெல் வீடு வந்திருக்கும், வயலில் உளுந்தும் பயறும் இருக்கும். லெந்து நாற்பது நாளுக்கென்றே சின்னப் புத்தகங்கள் கிடைக்கின்றன. நாற்பது நாள் பழகினால் மீதி வருஷம் தானாக வரும்.

நடுவுல பத்து நாள் விட்டுப்போச்சு. திரும்பப் போயி எல்லாத்தையும் படிக்கணுமா?

வேண்டாம். இன்றைய தேதிக்குப் போங்கள். விட்ட பத்தையும் ஒரே மூச்சில் வாசிப்பது கணக்கை நேர்செய்கிற வேலை, தியானம் ஆகாது. விட்டுப்போன பக்கங்கள் அடுத்த வருஷமும் அதே தேதியில் அங்கேயேதான் இருக்கும்.

தினமும் வாட்ஸ்அப்ல வசனம் வருது. அது போதாதா?

நினைவூட்டலுக்குப் போதும். சில நேரம் அந்த ஒரு வரி அன்றைய தினத்தையே தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் ரோஜாப்பூ படத்தோடு வருகிற வசனத்தைப் படித்து, கைகூப்புகிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு, அடுத்த நொடி யாரோ ஒருவருடைய கல்யாண வீடியோவுக்குப் போய்விடுகிறோம். மேலே சொன்ன ஏழு நிமிஷம் அங்கே கிடைக்காது. சில படங்களில் வசன எண்ணே தப்பாக இருக்கும். பைபிளில் இல்லாத பழமொழிகூட வசனம் என்று வந்துவிடும். பார்க்காமல் அடுத்த குழுவுக்குத் தள்ளாதீர்கள்.

போனில்தான் வாசிக்க வசதி என்றால் அந்த நேரத்துக்கு நெட்டை அணைத்துவிடுங்கள்.

ஆர்.சி. புஸ்தகத்தை நாங்க படிக்கலாமா? எங்க பாஸ்டர் கூடாதுங்கிறார்.

பாஸ்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்; எதற்காகக் கூடாது என்று கேளுங்கள். நூலுக்கு நூல் பதில் மாறும். தாமஸ் கெம்பிஸின் பெயரில் வழங்கும் கிறிஸ்துவைப் பின்பற்றும் நூல் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, சீர்திருத்தப் பிரிவு வருவதற்கு முந்தியது. அதை இரண்டு பக்கத்தாரும் நூற்றாண்டுகளாக வாசிக்கிறார்கள். நான்காம் பகுதி முழுக்க நற்கருணை பற்றியது. அங்கே மட்டும் உங்கள் சபையின் போதனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நவநாள், அதாவது ஒன்பது நாள் தொடர் ஜெபத்துக்கான புத்தகம் வேறு வகை. வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்கள் கையில் இருக்கும் அது, சேர்ந்து ஜெபிப்பதற்காக எழுதப்பட்டது. தனியாகத் தியானிக்க எழுதிய நூலோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வசனம் தேடும்போது சில சிக்கல் வரும். கத்தோலிக்கப் பைபிளில் 73 நூல்கள், மற்றவர்களுடையதில் 66. கத்தோலிக்கப் பைபிளில் மட்டும் உள்ள சீராக் என்ற நூலிலிருந்து மேற்கோள் வந்தால் உங்கள் பைபிளில் தேடிக் களைக்காதீர்கள். திருப்பாடல் என்றால் சங்கீதம். கத்தோலிக்கர்களுக்கு இன்னொரு வசதி உண்டு: திருப்பலிக்கான வாசகங்கள் ஞாயிறுகளுக்கு மூன்றாண்டுச் சுற்றாகவும் வார நாட்களுக்கு ஈராண்டுச் சுற்றாகவும் ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கின்றன. அன்றைய நற்செய்தியை வீட்டில் வாசித்தாலே பாதித் தியானம் முடிந்தது.

நியூ இயர் ராத்திரி எனக்கு வந்த வாக்குத்தத்த வசனம் எரேமியா 29:11. வருஷம் முடியப்போகுது, ஒண்ணும் நடக்கலியே?

மனம் நொந்து கேட்கப்படும் கேள்வி, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொன்றாக எடுக்கிற வசன அட்டையில் "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று இருந்திருக்கும். இப்போது, இரண்டாவது கேள்விக்குச் சொன்னபடி, அதிகாரம் முழுவதையும் திறங்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று ஆசைகாட்டியவர்களை நம்பாதீர்கள் என்கிறார். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள் என்கிறார். உங்கள் வசனத்துக்கு நேர் முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பலர் திரும்பிப் போகும் நாளைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

வாக்கு பொய் என்று ஆகிவிடாது. டிசம்பருக்குள் என்ற கெடு அட்டையில் நாமாக எழுதிக்கொண்டது, அவ்வளவுதான். அட்டையைப் பைபிளில் அந்த அதிகாரத்திலேயே வைத்துவிட்டு, கடிதம் முழுவதையும் அடிக்கடி வாசியுங்கள். தாங்கிக்கொள்ள உதவுகிற வரிகள் 11-ஐவிட 5, 6, 7-ல் அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

புத்தகத்துல எழுதியிருக்கறது சரியான உபதேசமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெரோயா ஊரார் பவுல் பேசியதையே வேதத்தோடு தினமும் ஒத்துப் பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17:11 பாராட்டுகிறது. பவுலுக்கே அந்தச் சோதனை என்றால் மேசையில் விற்கிற ஐம்பது ரூபாய்ப் புத்தகத்துக்குக் கட்டாயம் உண்டு. எரேமியா வசனத்துக்கு மேலே செய்ததைச் செய்தாலே பெரும்பாலானவை வெளுத்துவிடும். மற்றபடி, பக்கத்துக்குப் பக்கம் ஆசிரியரின் படமும் சாட்சியும் இருந்து, கடைசியில் வங்கிக் கணக்கு எண்ணும் இருந்து, காணிக்கை கொடுத்தால் கடன் தீரும் என்றும் எழுதியிருந்தால் அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். அப்படிப்பட்டதை நான் மேசையில் வைப்பதில்லை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவங்க என்ன பண்ணுவாங்க?

பல வீடுகளில் அந்த அம்மாதான் எல்லாரையும்விட அதிகம் தியானிக்கிறார். எத்தனை கீர்த்தனை, எத்தனை சங்கீதம் மனப்பாடம் என்று கேட்டுப் பாருங்கள். பேரப்பிள்ளையை விட்டு ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்குத் தமிழ் வாசிப்பும் வரும். வாசித்தபின் "ஆத்தா, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று பிள்ளை கேட்கட்டும். அச்சில் இருப்பதைவிட நல்ல விளக்கம் வருகிற நாட்களும் உண்டு.

புகுந்த வீட்டுல நான் மட்டுந்தாங்க கிறிஸ்டியன். பைபிளை எடுத்தாலே மாமியார் முகம் மாறுது.

ஒளித்துப் படிக்கவும் வேண்டாம், கூடத்தில் உட்கார்ந்து காட்டவும் வேண்டாம். "அத்தே, பத்து நிமிஷம் சாமி கும்பிட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போங்கள். அவர்களும் காலையில் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்கள்தானே. பத்து நிமிஷம் கேட்பது அவர்களுக்குப் புரியும். அது முடிந்ததும் பாதியில் விட்ட வேலையை முகம் சுளிக்காமல் முடித்துக் கொடுங்கள். அந்த நேரமே கிடைக்காத நாளில் முதல்நாள் நோட்டில் எழுதிய ஒரு வரி கைகொடுக்கும்.

வேதநாயக சாஸ்திரியார் பாட்டை தியானத்துக்குப் பாடுறோம். அவரு சாதிக்கு ஆதரவா எழுதினவராமே? அப்புறம் எப்படிங்க?

உண்மைதான். தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரோடு கூடப் படித்து, பெத்லகேம் குறவஞ்சி பாடிய அதே சாஸ்திரியார், சபைக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்க மிஷனரிகள் முனைந்தபோது எதிர்த்து எழுதினார். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி அடியோடு ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டபோது தஞ்சைச் சபைகளில் பெரிய கலகமே நடந்தது. இதை மூடி மறைத்து அவரைப் புனிதராக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

பாட்டைப் பாடலாமா என்றால், நான் பாடுகிறேன். ஆனால் அவர் பாட்டால் தலைமுறைகள் தேறின என்று சொல்கிற அதே வாயால், அவர் நிலைப்பாட்டால் கோயிலில் தனி வரிசையில் உட்கார வைக்கப்பட்டவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த வரிசையில் உட்கார்ந்தவர்களின் வாரிசு ஒருவர் "எனக்கு அந்தப் பாட்டு வாயில் வரவில்லை" என்றால், அவரிடம் வாதாட எனக்கு உரிமை கிடையாது. வேறு பாட்டு ஏராளம் இருக்கிறது.

ஒரு வருஷமா விடாம படிக்கிறேன். இப்ப எதுவுமே உள்ள போகலை. கல்லு மாதிரி இருக்கேன்.

முதலில் சங்கீதம் 88-ஐப் படியுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியிலாவது நம்பிக்கைக்கோ துதிக்கோ திரும்பும். இது திரும்பாது, இருட்டிலேயே முடிகிறது. அப்படி ஒரு ஜெபத்தையும் வேதம் தனக்குள் வைத்திருக்கிறது. பிறகு சில மாற்றங்கள்: புத்தகத்தை ஒரு மாதம் மூடிவைத்துவிட்டுச் சங்கீதத்தை மட்டும் வாய்விட்டு வாசியுங்கள். தனியாக வாசித்தவர் இன்னொருவரோடு சேர்ந்து வாசியுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். தூக்கமில்லாமல், சாப்பாடு பிடிக்காமல், எதற்கு வாழ வேண்டும் என்ற எண்ணத்தோடு வாரக்கணக்காகப் போகிறதா? அப்படியானால் இதை ஆவிக்குரிய வறட்சி என்று நீங்களே பெயர் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைச்சல் என்று யாராவது சொன்னால், அவர் சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று விசாரியுங்கள்.

எங்க பெரியப்பா முப்பது வருஷமா ஒருநாள் விடாம தியானம் பண்றாரு. ஆனா வரப்புத் தகராறுல எங்கப்பாகிட்ட இன்னிக்கு வரைக்கும் பேச்சு இல்ல. அப்புறம் இந்தப் படிப்பால என்ன பிரயோஜனம்?

படிப்பால் தானாக ஒன்றும் நடக்காது என்பதற்கு உங்கள் பெரியப்பா சாட்சி. கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய், தன் சாயல் இன்னதென்று உடனே மறந்துவிடுகிறவனைப் பற்றி யாக்கோபு முதல் அதிகாரம் பேசுகிறது. அவரும் அதை முப்பது தடவையாவது படித்திருப்பார். நோட்டில் ஒரு வரி எழுதச் சொன்னதன் காரணம் இதுதான். "மன்னிப்பது நல்லது" என்று எழுதுகிறவருக்கு ஒன்றும் ஆகாது. "தம்பி வீட்டுக்குச் சாயங்காலம் போகணும்" என்று எழுதினால் சாயங்காலம் வந்துவிடும்.

உங்கள் அப்பாவும் தினமும் தியானிக்கிறவர்தான் என்று பிறகு நீங்களே சொன்னீர்கள். மத்தேயு 5:23, 24 அவருக்கும் சேர்த்துத்தான். உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறது. யார்மேல் தப்பு என்று அதில் விசாரணை இல்லை. வரப்பைச் சர்வேயர் வந்து அளக்கட்டும், அது தனிக் காரியம். பேசுவதற்குச் சர்வேயர் வர வேண்டியதில்லை. முதலில் அப்பாவையே அனுப்பிப் பாருங்கள். போகும்போது கையில் பைபிளையோ தியானப் புத்தகத்தையோ எடுத்துக்கொண்டு போக வேண்டாம் என்று சொல்லுங்கள். வெற்றிலை பாக்கு, இல்லாவிட்டால் பேரப்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பலகாரம் கொண்டுபோகலாம்.